யூடியூப் பாடத்துக்கும் கதை வாசிப்புக்கும் எந்த மைக் வாங்கலாம்?

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை வீட்டிலிருந்தே யூடியூபில் போட நினைக்கிறேன். போனில்தான் எடுக்கிறேன். அப்படியே கதைகள் வாசித்துப் பதிவு செய்யவும் ஆசை. மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு கண்டென்சர் மைக் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்:

வேண்டாம். இப்போதைக்குக் கம்பி வைத்த காலர் மைக் ஒன்று போதும், அது ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கும். மீதிப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், கதை வாசிப்புக்குத் தேவைப்படும்.

நம் வீட்டு அறைகளை யோசித்துப் பாருங்கள். டைல்ஸ் தரை, வழவழவென்று பெயின்ட் அடித்த சிமெண்டுச் சுவர், தலைக்கு மேலே காங்கிரீட், நடுவில் மின்விசிறி. பேசுகிற ஒவ்வொரு சொல்லும் நாலு பக்கமும் மோதித் திரும்பி வரும். அதில் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேசினால், உங்கள் குரலோடு விசிறிக் காற்று, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் எல்லாமே தெளிவாகப் பதிவாகும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறைகிறது, ஆனால் அறையின் எதிரொலியும் விசிறிச் சத்தமும் அப்படியே இருக்கின்றன. 15 சென்டிமீட்டரில் பேசியவர் 60 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போனால் 12 டெசிபெல் போய்விடும், அதை ஈடுகட்ட கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டினால் வேண்டாத சத்தமும் சேர்ந்து 12 டெசிபெல் ஏறிவிடும். அதனால் எந்த கம்பெனி, என்ன விலை என்பதற்கு முன்னால், நீங்கள் பேசும்போது மைக் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போர்டில் எழுதிக்கொண்டே பாடம் நடத்துகிறவருக்கு வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கக்கூடிய மைக் சட்டையில் குத்தியதுதான்.

போயா பிஒய்-எம்1 பலரும் வாங்குவது. கம்பி 6 மீட்டர், அதனால் போர்டுக்கும் போனுக்கும் இடையில் தாராளமாக நடக்கலாம். உள்ளே எல்ஆர்44 என்ற சின்ன பட்டன் பேட்டரி, போனுக்கா கேமராவுக்கா என்று மாற்ற ஒரு சுவிட்ச். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் குத்துங்கள். செயின், தாலிக்கொடி, துப்பட்டா எதுவும் உரசக் கூடாது, புடவை என்றால் தலைப்பை நன்றாகப் பின் செய்துவிட்டு அப்புறம் மைக்கைக் குத்துங்கள், உரசல் சத்தத்தை எந்த ஆப்பாலும் சரியாக நீக்க முடியாது. போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் டைப்-சி அடாப்டர் வேண்டும், பாட்டு கேட்க மட்டும் உதவுகிற அடாப்டரும் விற்கிறார்கள், மைக்கும் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். ரெக்கார்டிங் ஓடும்போது காலர் மைக்கை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டல் பலமாகக் கேட்கவில்லையென்றால் ஆப் இன்னும் போனின் சொந்த மைக்கிலிருந்துதான் எடுக்கிறது. இது ரொம்பப் பேருக்கு நடக்கிறது, மைக் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

வயர்லெஸ் காலர் மைக் வசதிதான், வெளியில் போய் எடுப்பவர்களுக்கு அவசியமும்கூட. ஒரே அறையில் நின்று பாடம் எடுக்க அது தேவையில்லை. புளூடூத் இயர்போனை மட்டும் மைக்காகப் பயன்படுத்தாதீர்கள், பெரும்பாலான இயர்போன்கள் மைக்கைத் திறந்ததும் போன் கால் தரத்துக்கு இறங்கிவிடும்.

கதை வாசிப்பு வேறு விஷயம். அங்கே படம் இல்லை, முகத்தை மைக் மறைத்தாலும் கவலை இல்லை, கேட்பவர் ஹெட்போனில் உங்கள் மூச்சுவரை கேட்பார். இதற்கு டைனமிக் மைக் (மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற வகை) நல்லது. டைனமிக் மைக் வெளிச் சத்தத்தைத் தானாகவே தடுத்துவிடும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அப்படி ஒரு மந்திரமும் கிடையாது. நான்கு விரல் தூரத்தில் வாயை வைத்துப் பேசுகிறோம், அதனால் மற்ற சத்தம் ஒப்பீட்டில் சிறிதாகிறது, அவ்வளவுதான். சாம்சன் கியூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டிலுமே யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (ஸ்டூடியோ மைக்குகளின் மூன்று முனை இணைப்பு) இரண்டு வழியும் உண்டு. இன்று லேப்டாப்பில் நேராகச் செருகலாம், பின்னால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஸ்டூடியோ மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்கினாலும் அதே மைக் உதவும். மூவாயிரத்தில் முடியாது, கொஞ்சம் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பாட்காஸ்ட்களில் பார்க்கிற ஷூர் எஸ்எம்7பி மேல் எல்லோருக்கும் ஆசை, ஆனால் அதற்குச் சுமார் 60 டெசிபெல் கெயின் வேண்டும், மைக் விலையோடு நல்ல இன்டர்ஃபேஸ் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

வாசிக்கும்போது மைக்கைச் சற்று ஓரமாக வைத்துப் பேசுங்கள், ‘பாட்டி’, ‘பழம்’ என்று ப-வில் தொடங்கும் சொற்கள் நேராக அடித்தால் ‘பொத்’தென்று கேட்கும். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கிற கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்பக்கம்தான் காது மந்தம், ஆகவே லேப்டாப் விசிறியோ ஜன்னலோ மைக்கின் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி உட்காருங்கள்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். நாய்ஸ் ரிடக்‌ஷனை, அதாவது இரைச்சலைப் பிறகு நீக்கும் ஆப் வசதியை, நம்பிப் பதிவு செய்யாதீர்கள். அதை அதிகமாகப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும், நம் மொழியில் ல, ள, ழ மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் என் காதுக்கு முதலில் அங்கேதான் மங்குகிறது. பாடம் கேட்கும் பிள்ளைக்கும் கதை கேட்கும் பெரியவருக்கும் அந்த வித்தியாசம் போய்ச் சேர வேண்டும். விசிறியை நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை ஒன்று தொங்கட்டும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், தெருச் சத்தத்தை நிறுத்தாது. ஒலிப்புத்தகங்களுக்கான ஏசிஎக்ஸ் தளம், பேசாத இடத்துச் சத்தம் மைனஸ் 60 டெசிபெலை (ரெக்கார்டிங் மீட்டரில் பூஜ்யம்தான் உச்சம்) தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. கதைப் பதிவுக்கு நீங்களும் அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம், ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் இலவசமாகவே அளந்து பார்க்கலாம்.

வீடியோவுக்கு ரெக்கார்டிங் செட்டிங்கில் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், சத்தமான இடங்கள் மீட்டரில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நின்றால் சரி. மைக் கைக்கு வந்த அன்றே ஒரு பாடத்தை முழுதாக எடுத்து ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்டால் விசிறிச் சத்தம் தெரியாது. குறை இருந்தால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் தெரிந்துவிடும்.