பின்பாரம் பார்க்கும் வேலை

ஐயா, “பி.எஸ்சி. கணிதம் படித்த பையன் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றவா போக வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டை ஏற்றுவதிலும் இழிவு இல்லை. ஆனால் உங்கள் மகன் விரும்புவது வேறு. எந்தச் சரக்கு எந்த இடத்தில் அமர வேண்டும் என்று திட்டம் போட்டுத் தரும் லோட் கண்ட்ரோலர் வேலை அது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். சரக்கு விமானத்திலும் அதே சிக்கல்தான். மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. ஈர்ப்பு மையமும், அதாவது மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளியும், குறித்த எல்லைக்குள் நிற்க வேண்டும். பறக்கும்போது எரிபொருள் தீரத் தீர அந்த மையம் நகரும். அதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். விமானத்தின் உள்தரையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எடை வரம்பு உண்டு. உயிருள்ள விலங்குகளை உலர் பனிக்கட்டியிலிருந்து (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) விலக்கி வைக்க வேண்டும். கணினி கணக்குப் போடும்தான். தவறான எடையைக் கொடுத்தால் தவறான விடையை அழகாக அச்சிட்டும் தரும்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் 5 ராணுவக் கவச வாகனங்களுடன் கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானம் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். போதுமான அளவு கட்டப்படாத ஒரு வாகனமாவது பின்னால் நகர்ந்து, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பையும் வால்பகுதியின் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேதப்படுத்தியதாக அமெரிக்க விசாரணை வாரியம் கண்டறிந்தது. எடைக் கணக்கோடு கட்டுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கென்று தனிப் பட்டம் தேவையில்லை. சரக்குப் பிரிவில் சேர்ந்து, அந்தந்த விமான வகைக்கான பயிற்சியை நிறுவனத்திலேயே பெறுவதுதான் வழக்கமான பாதை. ‘வேலை உறுதி’ என்று லட்சங்களில் கட்டணம் கேட்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அபாயகரமான சரக்கைக் கையாளும் பயிற்சியை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரவுப் பணி உண்டு; அம்மாவிடம் அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண்ணைவிட எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். இன்று இரவு மகனிடம் கேளுங்கள்: “புறப்பட 10 நிமிடம் இருக்கிறது. ஒரு பேலட்டின் (சரக்கு அடுக்கிய தட்டு) எடை தாளில் உள்ளதைவிட 300 கிலோ கூடுதல். மேலாளர் ‘பரவாயில்லை, அனுப்பு’ என்கிறார். என்ன செய்வாய்?” அவன் சொல்லும் பதிலை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.