குளத்தை அளந்தீர்களா, மழையை அளந்தீர்களா?

கேள்வி: பாளையங்கோட்டையில் முதுகலை படிக்கிறேன். நாங்குநேரி வட்டாரத்துக் குளங்கள் துண்டு துண்டாகி வருகின்றனவா என்று பார்க்க, 2017 ஜனவரி, 2024 ஜனவரி சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்ப்பரப்பைப் பிரித்தெடுத்தேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வழியாகக் கிராஸ் மென்பொருளில் திட்டுகளை (தனித்தனியாக நிற்கும் நீர்ப்பரப்புகளை) எண்ணினால் ஓர் எண்ணிக்கை வருகிறது. ஆர் என்ற நிரல்மொழியில் எண்ணினால் குறைகிறது. ஊரில் குளங்கள் மேடாகிக்கொண்டிருக்க, என் கணக்கில் நிலைமை மேம்பட்டதாக வருகிறது. எங்கே தவறினேன்?

பதில்: எண்ணிக்கை வேறுபடுவதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. கிராஸில் திட்டுகளை அளக்கும் ஆர்.எல்ஐ கருவிகள் ஒரு படப்புள்ளியின் நான்கு பக்கங்களை மட்டுமே அண்டை என்று கொள்கின்றன. சதுரங்கத்து யானை நகர்வதுபோல. ஆர் மொழியின் லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸ் தொகுப்பு, நாம் மாற்றாதவரை, ராஜாவைப் போல எட்டுத் திசையும் பார்க்கிறது. குளத்தின் உபரிநீர் வெளியேறும் மறுகாலிலிருந்து தென்கிழக்காக ஓடும் ஓர் ஓடையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் கட்டங்களில் அது மூலைக்கு மூலை தொட்டபடி படிக்கட்டுபோல இறங்கும். எட்டுத் திசைக் கணக்கில் அது ஒரே ஓடை. நான்கு திசைக் கணக்கில் ஒவ்வொரு படியும் தனித் திட்டு. நீரின் தொடர்ச்சியைப் பார்க்கும்போது நான் எட்டையே எடுப்பேன். எதை எடுத்தாலும் இரண்டு ஆண்டுக்கும் அதையே வைத்து, ஆய்வேட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு ஜனவரிகளையும் பாருங்கள். 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால், 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலோ நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. வறண்ட தையையும் வெள்ளம் வடியாத தையையும் அருகருகே வைத்தால் நீர்ப்பரப்பு கூடாமல் என்ன செய்யும்? மாதத்தைச் சரியாகத்தான் பொருத்தினீர்கள், மழையைப் பொருத்தவில்லை.

ஆகவே நீரை விட்டுவிட்டுக் குளத்தை அளவிடுங்கள். 2016 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பிப்ரவரியில் மேகமில்லாத ஒரு படம் எடுத்து, நீர் வரைபடங்களைக் கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கணிப்பானில் அடுக்கிக் கூட்டுங்கள். பல ஆண்டுகள் நீர் நின்ற புள்ளிகளே குளம். வெள்ள ஆண்டில் மட்டும் நனைந்தது பிசானப் பருவ நெல் வயலாகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தனியாக வையுங்கள். கிடைத்த எல்லையைக் கிராம நில வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு அந்த எல்லைக்குள் சாலை, மனைப்பிரிவு, சீமைக் கருவேலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டுக்கும் பாருங்கள். கருவேலத்தில் கவனம் தேவை: ஈரமான குளத்தின் உள்வாயில் அது பசுமையாகச் செழித்து நிற்கும், படத்தில் பயிர்போலவே தெரியும். கோடையில் பயிர் அறுவடையாகிவிடும், கருவேலம் பச்சையாகவே இருக்கும். ஏப்ரல், மே படம் ஒன்றைத் துணைக்கு வைத்தால் பிரித்துவிடலாம்.

"மேம்பட்டது" என்ற முடிவு சராசரித் திட்டுப் பரப்பிலிருந்து வந்ததாக இருந்தால், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் ஹெக்டேர் வட்டாரம். 60 ஹெக்டேரில் ஒரு பெரிய குளம், பத்துப் பத்து ஹெக்டேரில் நான்கு சிறியவை. சராசரி 20. சிறியவற்றில் மூன்றைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். மிஞ்சியவை 60, 10. சராசரி இப்போது 35! மூன்று குளங்கள் செத்ததை இந்த அளவீடு வளர்ச்சி என்று காட்டுகிறது. இதை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வரவே கூடாது.

பயனுறு வலைக்கண் அளவு என்று ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு திட்டின் பரப்பையும் வர்க்கமாக்கிக் கூட்டி, மொத்த வட்டாரப் பரப்பால் வகுப்பது. மேற்கண்ட கணக்கில் முதலில் 4.0 ஹெக்டேர், மூன்று குளங்கள் போனபின் 3.7. சரியான திசையில் இறங்குகிறது. சிறியவை அப்படியே இருக்க, பெரிய குளத்தின் நடுவே சாலை போட்டு 30, 30 என்று பிளந்தால் 2.2. பிளவை இது நன்றாகப் பிடிக்கிறது. சிறு குளங்களின் இழப்பை மெல்லத்தான் சொல்கிறது. அதனால் குளங்களின் எண்ணிக்கையையும் மொத்தப் பரப்பையும் கூடவே தாருங்கள். இந்த மூன்று போதும். மென்பொருள் ஐம்பது அளவீடுகள் தருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அட்டவணையில் அடைக்க வேண்டாம். பல ஒன்றையொன்று எதிரொலிப்பவை.

ஒரு சிறிய எச்சரிக்கை. பாகைக் கணக்கில் இருக்கும் வரைபடத்தில் பரப்பை அளக்காதீர்கள். நாங்குநேரிக்கு, மீட்டரில் அளக்கும் யுடிஎம் வரைபட முறையின் 43 வடக்கு மண்டலம். மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 32643. ஆய்வு ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஏரல், திருச்செந்தூர் வரை நீண்டால் 78 பாகைத் தீர்க்கக்கோடு குறுக்கே வரும். அதற்குக் கிழக்கே மண்டலம் 44. இரண்டையும் கலக்காமல் ஒன்றிலேயே நில்லுங்கள்.

துண்டாவது யாருக்கு என்பதையும் முடிவு செய்யுங்கள். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவுக்கு நடுவில் ஒரு சாலை பொருட்டல்ல, பறந்துவிடும். அதற்கு மொத்த நீர்ப்பரப்பு முக்கியம். அதே சாலை தவளைக்கும் ஆமைக்கும் சாவு.

அடுத்து, வரைபடத்தில் உங்களுக்குச் சந்தேகமான பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிறவரைத் தேடி, இந்தக் குளத்து மறுகால் எந்தக் குளத்துக்குப் போகிறது, கடைசியாக எப்போது போனது என்று கேளுங்கள். பத்து மீட்டர் கட்டத்துக்குள் அடங்காத அந்த வாய்க்கால் அவர் சொன்னால்தான் உங்கள் வரைபடத்தில் ஏறும்.