என்எஃப்எல் ரசிகர்கள் மாற்று வீரர்களைப் பற்றி ஏன் இவ்வளவு வாதிடுகிறார்கள்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஓர் அணியில் 53 பேர் இருந்தும், சீசனுக்கு முன்பே ஆள் போதாது என்று ரசிகர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலுக்கு 11 பேர், தடுப்புக்கு வேறு 11 பேர், அப்புறம் உதைப்பவர்கள். பிரித்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு இரண்டு பேர்தான் தேறுவார்கள். 2021 முதல் ஒரு சீசனுக்கு 17 ஆட்டங்கள் வேறு.

2017 சீசனின் டிசம்பரில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்) கார்சன் வென்ட்ஸ் முழங்கால் காயத்தால் வெளியேறினார். மாற்று வீரர் நிக் ஃபோல்ஸ் இறங்கி ஆடியும், இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 41-33 என்று ஈகிள்ஸ் வென்றது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே சீசனில் குவார்ட்டர்பேக்கை இடது பக்கத்தில் காக்கும் இடது டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸையும் அவர்கள் காயத்தால் இழந்திருந்தார்கள். அந்த இடத்தை நிரப்ப ஆள் இருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.