நைனாவோட செருப்பு சத்தம் மாறிடுச்சா? மூளை ரத்தக்குழாய், மறதி பத்தி கேள்வி பதில்

நியூரோ வார்டுல 27 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு இப்ப சத்துவாச்சாரில வீட்டோட இருக்கேன். பெரியவங்க மறதி பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு நெறைய வந்துடுச்சு, ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை மாத்தறதெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுதான்.

குடியாத்தம்: சிஸ்டர், நைனாவுக்கு 71. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல ஸ்மால் வெசல் டிசீஸ், அதாவது மூளையில சின்ன ரத்தக்குழாய் கெட்டுப்போறதுன்னு போட்டிருக்கு. வயசானா இருக்கறதுதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பயப்படணுமா?

பயப்பட வேணாம், ஆனா அந்த ரிப்போர்ட்டை பீரோவுல போட்டு பூட்டவும் வேணாம். மூளை நம்ம எடையில 2 சதவீதம்தான், ஆனா உடம்பு எடுத்துக்கற ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கே போவுது. நம்ம ஏரி பாசனம் மாதிரி நெனச்சிக்கோங்க, பெரிய கால்வாய்ல தண்ணி ஓடிகினேதான் இருக்கும், ஆனா கடைமடைக்கு போற சின்ன வாய்க்கா தூந்து போனா அந்த வயல் மட்டும் காயும். பிபி வருஷக்கணக்கா ஏறி அடிச்சி அடிச்சி, சுகரும் பீடி சிகரெட்டும் சேந்துகினா முடி மாதிரி இருக்கற குழாய்ங்க சுவரு தடிச்சி வெறைச்சிடும். ஸ்கேன்ல வெள்ளை வெள்ளையா தெரியறது அந்த காஞ்ச வயல்தான். 60 தாண்டினா கொஞ்சம் பலருக்கு இருக்கும். அந்த வெள்ளை எவ்ளோ இருக்குன்னு ஃபசேகாஸ் 1, 2, 3ன்னு அளவு சொல்லுவாங்க, எதுன்னு கேளுங்க, 3ன்னா அசால்ட்டா விடக்கூடாது.

இன்னொன்னு, அவரு நடக்கறதை பின்னாடி இருந்து பாருங்க. காலை தூக்கி வெக்காம தரையோட தேச்சிகினு சரக் சரக்னு வராரா, செருப்பு முன்பக்கம் மட்டும் தேயுதா, நடக்கும்போது பேச்சு குடுத்தா நின்னு பதில் சொல்றாரா? மூட்டு வலின்னு தைலம் தேச்சிகினு இருப்போம், பல வீட்டுல மறதிக்கு முன்னாடி இதுதான் வந்திருக்கும். யூரின் அடக்க முடியாம ஓடறதும் அப்படித்தான், வெக்கப்பட்டு சொல்ல மாட்டாங்க.

ஆம்பூர்: அம்மாவுக்கு எல்லார் பேரும் ஞாபகம் இருக்கு, ஆனா சமையல்ல தடுமாறறாங்க. அல்சைமரா?

பருப்பை வேக போட்டுட்டு அடுத்து இன்னா செய்யணும்னு அடுப்பு முன்னாடியே நிக்கறாங்களா? அல்சைமர்ல பொதுவா புதுசா நடந்தது மொதல்ல மறக்கும், காலைல தின்ன இட்லி, நேத்து வந்த சொந்தக்காரங்கன்னு. மூளை ரத்தக்குழாய் கெட்டு வர மறதியில வேகம் கொறையும், ஒன்னு பின்னாடி ஒன்னு செய்யற வரிசை கலையும், கோவமோ அழுகையோ பொசுக்குனு வரும். சின்ன சின்ன ஸ்ட்ரோக் வந்திருந்தா மாடிப்படி மாதிரி திடீர்னு ஒரு படி எறங்கி அங்கயே கொஞ்ச நாள் நிக்கும். வயசானவங்கள்ல ரெண்டும் கலந்து இருக்கறது ரொம்ப சகஜம், அதனால பேர் வெக்கறதுக்கு முன்னாடி பி12, தைராய்டு, சோடியம் பாத்துடுங்க. காது கேக்குதான்னும் பாருங்க. சமீபத்துல எங்கயாவது வழுக்கி தலையில அடி பட்டிருந்தா அதை கண்டிப்பா சொல்லுங்க, மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டியிருந்தாலும் இப்படி வரும்.

ஆரணி: அப்பா பிபி நார்மல் ஆயிடுச்சுன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு.

எங்க வீட்டு கதையும் இதேதான். எங்கப்பா, நான் அதே வேலையில இருக்கும்போதே, எனக்கு தெரியாம 8 மாசம் மாத்திரை போடல, அட்டை அட்டையா தலகாணி உறையில இருந்தது. மாத்திரை போடறதாலதான்பா நார்மலா இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது. அமெரிக்காவுல ஸ்பிரிண்ட் மைண்ட்னு ஒரு ஆராய்ச்சி, 9,000 பேருக்கு மேல வெச்சி பாத்தாங்க, 2019ல ரிசல்ட் வந்தது. மேல் பிபிய 140க்கு பதில் 120க்கு கீழ கொண்டுவர பாத்தவங்கள்ல, டிமென்ஷியாவுக்கு, அதாவது அன்னாட வேலையே செய்ய முடியாத அளவு மறதி நோய்க்கு, முன்னாடி வர லேசான மறதி நெலமை 19 சதவீதம் கம்மி. டிமென்ஷியாவே கொறைஞ்சதான்னு உறுதியா சொல்ல முடியல, சுகர் பேஷண்ட்டுங்களும் அதுல இல்ல. அதனால 120ன்னு நீங்களா டோஸ் ஏத்தாதீங்க, எழுந்து நிக்கும்போது தலை சுத்துதான்னு பாத்து டாக்டர் முடிவு பண்ணுவாரு. வாங்க போக முடியலன்னா மக்களைத் தேடி மருத்துவம் 2021ல இருந்து இருக்கு, பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே குடுக்கறாங்க.

ராணிப்பேட்டை: எல்லாரும் தெனமும் ஆஸ்பிரின் போட்டா நல்லதா?

இல்ல. ஸ்ட்ரோக், ஹார்ட் பிரச்சனை வராத 70 வயசுக்காரங்களுக்கு அது டிமென்ஷியாவ தடுக்கல, ரத்தக்கசிவுதான் அதிகமாச்சு. ஏற்கனவே ஸ்ட்ரோக் வந்து டாக்டர் எழுதி குடுத்திருந்தா நிறுத்தவே கூடாது.

காட்பாடி: ஆயா நல்லா இருந்தாங்க, ரெண்டு நாளா ஆளே தெரியாம உளர்றாங்க.

ரெண்டு நாள்ல வரது டிமென்ஷியா இல்ல. நம்ம ஊர் மே மாச வெயில்ல நீர் மாத்திரையும் போட்டுகினு, பாத்ரூம் போக கஷ்டம்னு தண்ணியும் குடிக்காம இருந்தா உப்பு சத்து எறங்கிடும். யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், அரிப்புக்கோ சளிக்கோ போட்ட அவில் மாதிரி மாத்திரையா கூட இருக்கலாம். போடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல அள்ளிகினு ஆஸ்பத்திரிக்கு போங்க.

வாலாஜா: வல்லாரை, ஞாபக சக்தி டானிக்?

வல்லாரை துவையல் நல்லா இருக்கும், சாப்பிடுங்க. டானிக் காசுக்கு வீட்டுலயே ஒரு பிபி மிஷின் வாங்கிடலாம். ஊறுகா, அப்பளம், கருவாடை கொறைங்க, ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான்.

வேலூர்: நேத்து சாயங்காலம் அம்மாவுக்கு வாய் கோணி பேச்சு குழறிச்சு, 10 நிமிஷத்துல சரியாயிடுச்சு. திங்கக்கெழமை காட்டலாமா?

இன்னிக்கே, இப்பவே. சரியாயிடுச்சுன்றதாலதான் அவசரம், பெரிய ஸ்ட்ரோக் ஒன்னு அடுத்த ரெண்டு நாளுக்குள்ளயே வரலாம். மறுபடி வந்து சரியாகாம இருந்துச்சுன்னா ரத்தக்கட்டிய கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான், அது வாய் கோணின நேரத்துல இருந்து, நீங்க பாத்த நேரத்துல இருந்து இல்ல. மீதிய அப்பறம் படிச்சிக்கலாம், 108க்கு போன் போடுங்க.