கேஸ் ஷீட் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரிப் பக்கம். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அட்மிட் செய்திருந்தோம்; ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். கோவையில் இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாம் என்று ரெக்கார்டு கேட்டால், "வெளியே கொடுப்பதில்லை" என்கிறார்கள். வற்புறுத்தினால், நாளை அவசரத்துக்குப் போகும்போது பார்க்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கொடுத்தே ஆகவேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள்தான் இன்றும் நடப்பில் உள்ளன. 2023-ல் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுப்பியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். மறுப்பது தொழில்முறைத் தவறு.

ஆனால் கவுண்டரில் வாயால் கேட்டால் வேலை நடக்காது. ஒரு வெள்ளைத்தாளில் அம்மா பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி எழுதுங்கள். "எல்லா ரெக்கார்டும்" என்று பொதுவாக எழுதாமல் கேஸ் ஷீட் நகல், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் ரிப்போர்ட்டும் படமும், கொடுத்த மருந்துகளின் விவரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அம்மா கையெழுத்துப் போடட்டும். நீங்கள் போய் வாங்குவதாக இருந்தால், "என் மகளிடம் கொடுக்கவும்" என்று அவரே ஒரு வரி சேர்க்க வேண்டும். உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். கடிதம் வந்ததை ஒப்புக்கொள்வதும் அதே விதியில் இருக்கிறது. வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். பெரும்பாலும் அந்த சீல் விழுந்ததுமே ஃபைல் வெளியே வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். அது டாக்டரின் பதிவின்மேல்தான் நடவடிக்கை எடுக்கும். நஷ்டஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் காகித விவகாரம் இல்லை. உடம்பு முடியாத அம்மாவை மேட்டுப்பாளையம் வரை வளைவு வளைவாக இறக்கிக் கூட்டிப்போய், கோவையில் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றால் எல்லா டெஸ்டும் முதலிலிருந்து. பணமும் போகும், நாளும் போகும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அவசரமில்லாத நேரத்தில், வருகிற எல்லோரையும் பார்த்தே தீரவேண்டும் என்று டாக்டருக்குக் கட்டாயம் கிடையாது. ஆனால் ஏற்றுக்கொண்ட நோயாளியைப் போதிய அவகாசம் கொடுக்காமல் கைவிட முடியாது. அவசரம் என்று வந்தால் அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற பேதமே இல்லை, உயிரைக் காக்கப் பார்த்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. இன்னொருவர் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. அதற்குக் கோபிக்கிற டாக்டரை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அலுவலகத்தில் சண்டை போடுமுன் அவரிடமே நேரில், "கோவையில் ஒருமுறை காட்டிவிட்டு வருகிறோம் டாக்டர்" என்று சொல்லிப் பாருங்கள். நிறைய பேர் தாங்களே ரெஃபரல் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள்.

ஒன்று மட்டும் கவனம். காய்ச்சல், குளிர் நடுக்கம், கண்ணில் மஞ்சள், விடாத வயிற்றுவலி இதில் எது வந்தாலும் 72 மணி நேரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஃபைலை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.