பிரவுசரில் புதிய டேப் திறந்தாலே தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பணம் விளம்பரதாரரிடமிருந்து போகிறது, உங்கள் பையிலிருந்து அல்ல.

‘டேப் ஃபார் எ காஸ்’ போன்ற நீட்டிப்பை (எக்ஸ்டென்ஷன் எனும் கூடுதல் சிறு நிரலை) பிரவுசரில் சேர்த்தால், புதிய டேப் திறக்கும்போதெல்லாம் ஓரத்தில் விளம்பரம் தெரியும். இந்த விளம்பரங்களுக்குப் பொதுவாக ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்றுதான் விலை. ஆகவே ஒரு டேப்புக்குக் கிடைப்பது கைக்கு அகப்படாத துணுக்கு. ஏராளமானோர் தினமும் திறந்தால்தான் தொகையாகச் சேரும். விளம்பரத்தை மறைக்கும் ஆட் பிளாக்கர் போட்டிருந்தால் அதுவும் இல்லை.

தேடுபொறி கதை வேறு. 2009-இல் தொடங்கிய, பெர்லினைச் சேர்ந்த எகோசியா மரம் நடப் பணம் திரட்டுகிறது. அங்கே வெறுமனே தேடினால் போதாது. முடிவுகளோடு வரும் விளம்பரத்தை யாராவது க்ளிக் செய்தால்தான் வருமானம். சரி, நல்ல காரியம்தானே என்று வரிசையாக க்ளிக் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அப்படிக் குவியும் க்ளிக்குகளை விளம்பர நிறுவனங்கள் செல்லாதவை என்று கழித்துவிடும். எல்லை மீறினால் அந்தத் தளத்தின் கணக்கையே முடக்கவும் கூடும். உதவப் போய் உபத்திரவம்!

இவை நிரந்தரமும் அல்ல. வாங்கும் பொருளின் விலையில் 0.5 சதவீதத்தைத் தொண்டுக்குக் கொடுத்துவந்த அமேசான்ஸ்மைல் 2023-இல் நிறுத்தப்பட்டது.

அப்புறம், நீட்டிப்பை நிறுவும்போது அது கேட்கும் அனுமதிகளைப் படியுங்கள். புதிய டேப்பில் ஒரு பக்கத்தைக் காட்ட, நீங்கள் போகும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கும் உரிமை எதற்கு? கேட்டால் நிறுவாதீர்கள். எந்த அமைப்புக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கு வெளியிடாதவர்களையும் நான் தொடமாட்டேன்.