பொன்னுருவி வரும்போது எழுப்பு

அன்புள்ள அண்ணா,

ஊர் குடியாத்தம். வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் ஒரே பஸ்ஸில் போகும் நாங்கள் எட்டுப் பேரும் அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்குப் பைத்தியங்கள். ஆனால் மற்ற ஏழு பேரும் நருட்டோ, ஒன் பீஸ், டீமன் ஸ்லேயரைத் தாண்டி எதையும் தொடமாட்டார்கள். அதிகம் பேருக்குத் தெரியாத அனிமே, மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) 32 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன் (இத்துடன் இணைத்துள்ளேன்). ஒருவன் மட்டும் 'முஷிஷி'யைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனானாம். இந்த ரசனை கெட்ட கூட்டத்தை என்ன செய்வது? நீங்கள் பத்துப் பெயர் சொன்னால் கேட்பார்கள். தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா, மாங்காவை முதலில் படிக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள தம்பி,

தமிழ் டப்பிங்கில் தாராளமாகப் பார். மாங்கா முதலா, அனிமே முதலா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? எது முதலில் கைக்கு வருகிறதோ அது.

பத்துப் பெயர் தரமாட்டேன். 32 பெயருக்கு அசையாதவன் இன்னும் பத்துக்கு அசைந்துவிடுவானா? உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு சொல். 'தூங்கிப்போனானாம்.' இரண்டு வாரமாக நானும் தூக்கத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ'வை மூன்றாம் முறையாகப் பார்த்து வருகிறேன். உன் பட்டியலில் அது இல்லை.

ஹருகோ குமோதாவின் மாங்கா, பத்துத் தொகுதிகள். 2016, 2017 என்று இரண்டு பருவங்களாக அனிமே வந்தது. ரகுகோ என்பது ஜப்பானியக் கதை சொல்லும் கலை. மேடையில் ஒரு மெத்தை, அதில் மண்டியிட்டு உட்கார்ந்த ஒரே ஆள். கையில் ஒரு விசிறி, ஒரு துணி. தலையை இந்தப் பக்கம் திருப்பினால் கணவன், அந்தப் பக்கம் திருப்பினால் மனைவி. விசிறியே குச்சியாகி நூடுல்ஸ் சாப்பிடும். சிறையிலிருந்து வெளியே வந்த யோதாரோ, உள்ளே இருந்தபோது கேட்ட ஒரு கதையை மறக்க முடியாமல், அதைச் சொன்ன எட்டாம் யாகுமோ என்ற ரகுகோ கலைஞரிடம் நேராகப் போய் சீடனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். அவ்வளவு ஆசைப்பட்டு வந்தவன் என்ன செய்தான் தெரியுமா? குரு மேடையில் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடையின் ஓரத்தில் குறட்டை விட்டுத் தூங்கினான். குரு அவனை வீட்டை விட்டே துரத்துகிறார்.

அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்கு மாமா ஞாபகம் வந்துவிடும்.

கலவைக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊர். தர்மராஜா கோயிலில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா கோணிப்பையும் போர்வையும் எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப்போவார். கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியக்காரன் இரண்டு பாட்டுப் பாடுவதற்குள் நான் தூங்கிவிடுவேன். ஒரு நாளும் அவர் அதற்காகத் திட்டியதில்லை. கர்ண மோட்சம் நடந்த ராத்திரியும் அப்படித்தான். மூன்று மணி இருக்கும், தோளைத் தட்டினார். "டேய், ஏந்திரு. பொன்னுருவி வந்துட்டா." ஒரு லோட்டா சுக்குக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "இத்தினி நாளா இவ அவனக் கிட்ட சேத்துக்கல. இப்ப பாரு" என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பிய கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவியிடம் விடைபெற வந்திருக்கிறான். பிறப்பு தெரியாதவன் என்று அவனை ஒதுக்கியவள், அன்றைக்குப் போகவிடாமல் மறிக்கிறாள். பொன்னுருவி வேடம் கட்டியவர் சாயங்காலம் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த மனிதர். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் கர்ணனின் புஜக்கட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையில் கண்ணாடி வளையல்கள் நடுங்கின. ஊதிக்கொண்டிருந்த முகவீணை நின்று அவர் குரல் மட்டும் தனியாக எழுந்தபோது எனக்கு முழுசாக விழிப்பு வந்துவிட்டது. இன்றுவரை கூத்து என்றால் எனக்கு அந்த வளையல்கள்தான்.

ரகுகோ தொடரிலும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. இளம் வயது யாகுமோ, அப்போது அவன் பெயர் கிகுஹிகோ, பெண் வேடம் கட்டி ஒரு நாடகத்தில் நடிக்கிறான். கூட்டம் முழுதும் தன்னையே பார்ப்பது அவனுக்குப் புரிகிற நொடி. முதல் தடவை பார்த்தபோது என் மாமா தோளைத் தட்டியது போலவே இருந்தது.

தம்பி, ராத்திரி முழுக்க விழித்திருந்தவரால்தான் சரியான நேரத்தில் எழுப்ப முடியும். நீ விழித்திருந்தாயா? உன் பட்டியலில் 'யோகோஹாமா கைடாஷி கிகோ' இருக்கிறது. பக்கத்தில் 'மனதைத் தொடும் காவியம்' என்று எழுதியிருக்கிறாய். 1994 முதல் 2006 வரை வந்த மாங்கா அது, 14 தொகுதிகள். அதில் எங்கே காவியம்? கடல் ஏறி ஊர்களை முழுங்கிவிட்ட காலத்தில், ஆல்பா என்ற ரோபோ பெண் ஒரு காப்பிக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கோ கிளம்பிப்போன முதலாளி திரும்பி வருவார் என்று இருக்கிறாள். காப்பிக்கொட்டை வாங்க ஸ்கூட்டரில் யோகோஹாமா போகிறாள். தண்ணீருக்கு அடியில் போன தெருவிளக்குகள் சாயங்காலமானால் கடலுக்குள்ளேயே எரிகின்றன. படித்தவன் அந்த விளக்கைப் பற்றி எழுதியிருப்பான், காப்பியைப் பற்றி எழுதியிருப்பான். காவியம் என்று எழுதியிருக்க மாட்டான். நீ படிக்கவில்லை. எங்கோ பார்த்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, நண்பர்களை ரசனை கெட்டவர்கள் என்கிறாய். அந்த வார்த்தையை இனிமேல் எழுதாதே, எனக்குக் கோபம் வருகிறது.

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் டிரம் சுற்றுகிற சத்தம் காதிலேயே நிற்கிறது என்பார். அவரிடம் 'முஷிஷி'யின் மூன்றாம் பகுதியை மட்டும் போட்டுக் காட்டினேன். அந்தத் தொடரில் ஒவ்வொரு பகுதியும் தனிக் கதை, வரிசையாகப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பனி கொட்டும் ஊர், சத்தத்தைத் தின்னும் உயிர்கள், நெற்றியில் கொம்பு முளைத்த பையன். காதை இரண்டு கையாலும் பொத்தினால் கேட்கும் ஓசையை எரிமலைக் குழம்பு ஓடுகிற ஓசை என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். நண்பர் பாதியிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் அடுத்தது போடச் சொன்னார். முதல் பருவத்தின் 26 பகுதியையும் அந்த மாதத்திலேயே முடித்தார். இதே தொடரைப் பார்த்துத்தான் உன் நண்பன் தூங்கியிருக்கிறான். பத்து நிமிடமாவது பார்த்தானே, மற்ற ஆறு பேர் அதுகூடச் செய்யவில்லை. உன்னிடம் அவன்தான் மிச்சம். அவனை விடாதே.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூப்பிடு. ரகுகோ முதல் பகுதி முக்கால் மணி நேரம் ஓடும். சனிக்கிழமையே நீ ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடு. டப்பிங் பரவாயில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, இதற்கு மட்டும் ஜப்பானியக் குரல்தான். நருட்டோ பிடித்த பையன் என்றால், அதில் வரும் காராவுக்குக் குரல் கொடுத்த அகிரா இஷிதாதான் கிழவர் யாகுமோவுக்கும் பேசுகிறார் என்று சொல், நிமிர்ந்து உட்காருவான். அதற்கு மேல் எதையும் விளக்காதே. நடுவில் கண் சொக்கினால் விட்டுவிடு. யோதாரோ குறட்டை விடும் இடத்தில் தோளைத் தட்டி எழுப்பு.

அப்புறம் எனக்கு எழுது. உனக்கு எப்படி இருந்தது என்று வேண்டாம். அவன் என்ன சொன்னான் என்று எழுது.